சங்கம் கண்ட டாக்டருக்குச் சாயம் பூசியதேன்?

தோட்டத் தமிழனின் துயரை உலகுக்குக் காட்டிய படம் என்று பாலாவின் ‘பரதேசி’யை இன்றும் புகழ்கின்றனர். 2013ஆம் ஆண்டு வெளிவந்த அப்படத்தை அண்மையில் புளத்கொகுபிட்டியத் தோட்டமொன்றின் லயத்து முற்றத்தில், பால் வெட்டும் தோழர்களும் கொழுந்தெடுக்கும் தாய்மாரும் சூழ அமர்ந்து மீண்டும் கண்டோம். கங்காணி ஆசை காட்டி அழைத்துப் போவதும், முன்பணம் கழுத்தை இறுக்குவதும், காதலியை ஊரிலே விட்டு வந்தவன் மலையிலே கதறுவதும் கண்டு அழாதார் இல்லை. நாமும் அழுதோம். அழுது முடிந்ததும் முதிய தோழர் ஒருவர் கேட்டார், படத்திலே சங்கம் எங்கே என்று.

நியாயமான கேள்வி! படத்துக்கு மூலம், பி. எச். டானியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியான ‘ரெட் டீ’ நாவல்; தமிழில் இரா. முருகவேள் பெயர்த்த ‘எரியும் பனிக்காடு’. டானியல் யார்? ஆனைமலைத் தோட்டங்களிலே மருத்துவம் பார்த்தவர். அதனோடு நில்லாது தொழிலாளருக்குச் சங்கம் கண்டவர். நாவலில் வரும் டாக்டர் ஆபிரகாமும் கூலிகளின் உயிருக்காக மன்றாடுபவரே. திரையிலோ, அந்த இடத்தில் ஆடிப்பாடி ரொட்டி கொடுத்து மதம் மாற்றும் கோமாளி ஒருவன் நிற்கிறான்! கலைஞனின் கற்பனை உரிமை என்பர். அவ்வுரிமையை நாம் மறுத்தோமில்லை. ஆனால் தொழிலாளிக்குத் துணை நின்றவனின் கதையை எடுத்துக்கொண்டு, துணை நின்றதை மட்டும் வெட்டி எறிவதற்குப் பெயர் கற்பனையா? நீதிமன்றத்தில் அதற்குச் சாட்சியைக் கலைத்தல் என்று பெயர்.

ஸ்பானிய இயக்குநர் அல்மொதோவார் 2009இல் ‘முறிந்த தழுவல்கள்’ என்றொரு படம் எடுத்தார். படம் எடுப்பவர்களைப் பற்றிய படம் அது. இயக்குநன் மத்தேயோவும் நடிகை லேனாவும் காதல் கொள்கின்றனர். அவளைத் தன் உடைமையாகக் கருதும் செல்வந்தன் மார்த்தெல்லே தயாரிப்பாளன். பழி தீர்க்க அவன் என்ன செய்கிறான்? எடுத்த காட்சிகளில் மிக மோசமானவற்றையே பொறுக்கிக் கோத்துப் படத்தை வெளியிடுகிறான்! பொய்க் காட்சி ஒன்றுகூட அதில் இல்லை, பொறுக்கியதில்தான் பொய். ‘பரதேசி’யிலும் அடி உண்மை, பசி உண்மை, கொள்ளைநோய் உண்மை. எழுந்து நின்றவன் மட்டும் இல்லை.

அது மட்டுமா? இயக்குநர் நடிகர்களைக் கோலால் அடிக்கும் காட்சியையே அன்று விளம்பரமாக்கினர். போலிக் கோல் என்று சமாதானம் வந்தது, ஏற்போம். அடிபட்டவனின் கதையை விற்க, அடிப்பதையே கடைவிரிக்க வேண்டுமோ?

நம் நாட்டில் 1975இலேயே தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் ‘புதிய காற்று’ படத்தைத் தாமே தயாரித்து நடித்தார். கதை நம் தெளிவத்தை ஜோசப்புடையது. குறை சொல்வோர் சொல்லட்டும், அது நம் கண்ணால் நம்மைப் பார்த்த படம்.

1921இல் துண்டு முறை ஒழிந்ததும், 1948இல் பறிபோன குடியுரிமையின் மிச்சத்தையும் 2003இல் மீட்டதும் எவர் படத்தில் உள்ளன? வெட்டி எறிந்த அச்சுருள்களைக் கோக்க வருவோர்க்கு எங்கள் லயத்துக் கதவு திறந்தே கிடக்கிறது. வரும்போது கோலை மட்டும் பெரட்டுக் களத்திலேயே போட்டுவிட்டு வரட்டும்.