அக்காவை நம்பி விட்ட வீடு



உடன்பிறந்த பிள்ளைகளை எந்த வயதில் வீட்டில் தனியே விடலாம் என்று நகரத்துப் பெற்றோர் கேட்கும்போது அவர்கள் மனத்தில் இருப்பது ஒரு மாலைப்பொழுது. ஜவ்வாது மலையில் அது மாதக்கணக்கு. கேரளம், கர்நாடகம் என்று தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோர், பெரிய பிள்ளையை நம்பிச் சின்னதுகளை விட்டுப் போகிறார்கள். அக்கா தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டி, தம்பிக்குச் சோறு போட்ட பிறகுதான் பள்ளிக்கு வருகிறாள். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அன்று அவளும் வருவதில்லை.

பிள்ளைகளைத் தனியே விடுவதற்கெனக் குறைந்தபட்ச வயது எதையும் நம் சட்டம் வகுக்கவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 75-ஆம் பிரிவில், பிள்ளையை வேண்டுமென்றே புறக்கணிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. ஆனால், தம் கட்டுக்கு மீறிய சூழலால் பெற்றோர் பிள்ளையைக் கைவிட நேர்ந்தால், அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பிழைக்கப் போனவரைக் குற்றவாளி ஆக்காத அந்தப் பார்வை எனக்குச் சரியாகவே படுகிறது.

வயதை விட்டுவிட்டு வேறு கேட்போம். இரவில் பாம்பு கடித்தால் கூப்பிடு தூரத்தில் பெரியவர் உண்டா? குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ ஆம்புலன்ஸ் எண் 108-க்கோ பேச அங்கே சிக்னல் கிடைக்குமா? இரண்டும் இல்லாத இடத்தில் பதினைந்து வயதும் போதாது.

மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பெற்றோர் ஊரில் இல்லாத மாதங்களில், விடுதியில் சேராத பிள்ளைகளையும் அங்கே தங்க வைக்க வேண்டும். கோடை விடுமுறையிலும் விடுதியைப் பூட்டக் கூடாது. பள்ளி வயது எட்டாத கடைக்குட்டிக்கும் ஊரிலேயே இரவுத் துணை ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

– ஆசிரியை ஒருவர், ஜமுனாமரத்தூர்