கண்குழியும் கணக்குப் புத்தகமும்

சாணைச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் இரும்புத் துணுக்கு, ஒரு நொடியில் தொழிலாளியின் கண்ணைக் கொண்டுபோய்விடும். அதற்கு விலையும் உண்டு! மற்றக் கண் நன்றாக இருந்தால், போன கண்ணால் குறையும் உழைப்புத் திறன் நூற்றுக்கு 40 என்று நம் நாட்டின் 1923-ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை எழுதி வைத்தது. சரி, பணம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வெறுங்குழியை என்ன செய்வது?

அப்படியே விட்டால் இமை உள்ளே விழும், குழி சுருங்கும். பிறகு பொய்க்கண் வைத்தாலும் நிற்காது. வாயின் உட்புறச் சவ்வை எடுத்து ஒட்டி, குழியைப் புதிதாக அமைக்க வேண்டி வரும். கண்ணை எடுக்கும்போதே உள்ளே ஓர் உருண்டையைப் பதித்துத் தசைகளை அதனோடு இணைத்தால், சில வாரங்களில் பொய்க்கண் பொருத்தலாம். அது ஓரளவு அசையவும் செய்யும்.

புதுமையா இது? 1880-களிலேயே இங்கிலாந்தில் மூல்ஸ் என்ற மருத்துவர், குடைந்தெடுத்த கண்ணுக்குள் கண்ணாடி உருண்டை பதித்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் கண்ணாடி வரத்து நின்றபோது, அமெரிக்கப் படையின் பல் மருத்துவர்கள் பொய்ப்பல் செய்யும் அக்ரிலிக்கிலேயே கண் செய்தார்கள். சிப்பாய்க்குச் செய்தால் சிகிச்சை. தொழிலாளி கேட்டால் ஒப்பனையா?

முகம் பார்த்து வேலை கொடுக்கும் மேஸ்திரிகள் உள்ள நாட்டில் இது அழகுக் கேள்வி அல்ல, அடுப்புக் கேள்வி! காயத்துக்கான மருத்துவச் செலவை முதலாளியே தரவேண்டும் என்று 2009-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். உருண்டையும், பொய்க்கண்ணும், அது தேய்ந்தால் மாற்றும் செலவும் அதில் அடங்க வேண்டும் என்கிறோம். மனு எழுதும் சங்கத் தோழர்கள் இவற்றைத் தனித்தனியே, தொகையோடு எழுதிச் சேர்க்கட்டும்.