பின் விளக்கு

நம் சங்கத்து இல்லங்களில் வளரும் பிள்ளைகள் சிலர், தந்தையார் பல ஆண்டுகளாக ஓட்டிவரும் மோட்டார் வண்டியின் பின் விளக்கைக் கழற்றி, அதனுள் எல்.இ.டி. மணிகளை வரிசையாகப் பதித்து, வண்டி திரும்பும் திசை நோக்கி ஒளி ஓடும்படி செய்ய முனைந்திருக்கின்றனர். "இது ஆகுமா, ஆகாதா?" என்று தாய்மார்கள் நம்மைக் கேட்கின்றனர். ஒரே சொல்லில் விடை கூற இயலாமையால் இம்மாதப் பக்கத்தை இவ்விஷயத்துக்கே ஒதுக்கினோம்.

இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றும் நமக்குப் பின் விளக்கு என்றதும் இரயிலின் கடைசிப் பெட்டியே நினைவுக்கு வருகிறது. இரவில் அங்கு எரியும் சிவப்பு விளக்கையும், பகலில் அதற்குரிய பலகையையும் கண்ட பின்னரே, வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது, நடுவழியில் பெட்டி எதுவும் அறுந்து நிற்கவில்லை என்று நிலையத்தார் தெளிவர். பிரயாணிகளுள் எவரும் அவ்விளக்கைப் பார்ப்பதில்லை. மோட்டார் வண்டியின் பின் விளக்கும் அவ்வாறே பின்னால் வருபவருக்கு உரியது. அவருக்குப் புரியும்படி எரிகிறதா என்பதே கேள்வி. அழகு அதன் பிறகுதான்.

ஓடும் விளக்கு இளைஞர்கள் நினைப்பது போல் புதுமையன்று. அமெரிக்காவின் போர்டு கம்பெனியார் 1965-ஆம் ஆண்டுத் தண்டர்பேர்டு வண்டியிலேயே அதனை வைத்தனர். சிறு மோட்டார் ஒன்று சுழன்று, பக்கத்துக்கு மூன்று பல்புகளை உள்ளிருந்து வெளிப்புறமாக ஏற்றும். ஓராண்டு முன்னரே வரவேண்டியது. அந்நாட்டு மாநிலங்களின் விளக்குச் சட்டங்கள் இடம் கொடாமையால் தாமதமாயிற்று. சட்டத்துக்கும் இவ்விளக்குக்கும் உள்ள வழக்கு அன்றே தொடங்கிவிட்டது! கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை நிக் ஹோலோன்யாக் என்பார் 1962-இல் செய்து காட்டினார். அது மோட்டாரின் ஓடும் விளக்கில் வந்து சேரப் பல பத்தாண்டுகள் சென்றன.

எல்.இ.டி.யால் மெய்யான பயன் ஒன்று உண்டு. இழை பல்பு முழு ஒளி பெற ஏறத்தாழ 0.2 வினாடி எடுத்துக்கொள்ளும், எல்.இ.டி.யோ அக்கணமே எரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 0.2 வினாடியில் 3.3 மீட்டர் கடந்துவிடும். தை மாதப் பனி மூட்டத்தில் ரிங் ரோடில் தௌலா குவானை நோக்கிச் செல்பவருக்கு அந்தப் பத்தடி அற்பமன்று. ஆனால் இப்பயன் பிரேக் விளக்குக்கே பெரிது. இளைஞர்களுக்கோ ஓடும் இண்டிகேட்டரில்தான் ஆசை.

இனிச் செய்முறை. பாட்டரி 12 வோல்ட் எனினும் எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வரை ஏறும்; அதற்கே கணக்கிட வேண்டும். சிவப்பு, மஞ்சள் மணி ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட் கொள்ளும். மூன்றைத் தொடராக இணைத்தால் 6. எஞ்சிய 8 வோல்ட்டை மின்தடை ஏற்க வேண்டும். 20 மில்லி ஆம்பியருக்கு 400 ஓம் ஆகிறது. கடையில் கிடைக்கும் 470 ஓம் போட்டால் ஒளி சற்றுக் குறைந்தாலும் மணிகளின் ஆயுள் நீளும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னே சிவப்பு மணியும், மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னே மஞ்சள் மணியுமே வைக்க வேண்டும். வெள்ளை மணி வைத்தால் சிவப்பு வெளிறித் தோன்றும். இரவில் வாசலில் பளிச்சென்று எரிந்தது மே மாத நண்பகலில் தெரியாமற் போகலாம். வெயிலில் முப்பது அடி தள்ளி நின்று பார்த்தல் நலம்.

ஒளியை ஓட்டுவதற்குப் பலர் 4017 என்னும் ஐ.சி.யை வாங்குகின்றனர். அது ஒன்றை அணைத்துவிட்டே அடுத்ததை ஏற்றும். ஒற்றைப் புள்ளி ஓடுவது போலிருக்கும். அது கூடாது. ஏற்றிய மணி அச்சிமிட்டு முடியும்வரை எரிந்துகொண்டிருக்க, அடுத்தவை அதனோடு சேர வேண்டும். ஐக்கிய நாடுகளின் மோட்டார் விதிகள், உள்ளிருந்து வெளிநோக்கி 0.2 வினாடிக்குள் எல்லாம் எரிந்துவிட வேண்டும் என்கின்றன. ஐந்து பகுதிகளெனில் இடைவெளி 0.05 வினாடிக்கு மேற்படலாகாது. சிமிட்டும் வேகமோ நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமலும் 120-க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் எழும். பழைய பிளாஷர் ரிலே 21 வாட் பல்புகளின் மின்னோட்டத்துக்குப் பழகியது. எல்.இ.டி. மிகக் குறைவாக இழுப்பதால், பல்பு போய்விட்டதென்று கருதிப் படபடவென்று அடிக்கும். சிலர் பெரிய மின்தடையைச் சேர்த்து அதனை ஏமாற்றுவர். அது கொதித்து அருகிலுள்ள பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். எல்.இ.டி.க்கென்றே உள்ள ரிலேயை மாற்றுவதே முறை. ஆயின் விளக்குப் பழுதானால் அந்த ரிலே படபடத்து அறிவிக்காது. வாரம் ஒருமுறை இறங்கிப் பின்னே சென்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவும் செவ்வனே செய்தாலும் சட்டம் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்ததினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். உரிமையாளர் என்றால் தந்தையார். விளக்கைச் செய்த மைந்தன் அல்லன்! வீட்டில் செய்த விளக்குக்குத் தேர்வுச் சான்று ஏது?

எனினும் பிள்ளையின் கையைத் தடுக்க நமக்கு மனமில்லை. தலைநகரில் பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு, டீசல் வண்டிக்கு 10 ஆண்டு என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. 2025-இல் சில தளர்வுகள் அளித்தது. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து தன்னை வீட்டுக்குக் கொணர்ந்த மாருதி 800 போகும் நாள் நெருங்குகையில் அதனை ஒருமுறை அலங்கரித்துப் பார்க்க அவன் விரும்புவது இயல்பே. ஆதலின் நம் அபிப்பிராயம் இது: அசல் விளக்கைத் தொடவேண்டாம். பழைய ஜோடி ஒன்றைத் தனியே வாங்கி, அதில் செய்து, மேசைமேல் பாட்டரியுடன் ஓட்டிப் பார்க்கட்டும். மோதி பாக்கிலுள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் பயிலும் பிள்ளையாயின் அறிவியல் கண்காட்சிக்கும் கொண்டு போகலாம். சாலையில் ஓட்ட வேண்டுமெனில், போக்குவரத்து அலுவலகத்தில் தந்தையார் எழுத்து மூலம் கேட்டறிந்த பின்னரே.

பழைய விளக்குக் கூடுகளுக்குக் காஷ்மீரி கேட். மணி, மின்தடை, ஐ.சி. முதலியவற்றுக்குச் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட். விலையைப் பாதியாகக் கேட்டுத் தொடங்குக.