கிளுவை வேலியும் தேவாங்கின் குட்டியும்

இந்த வாரம் முழுவதும் என் மனத்தில் நிறைந்திருந்த மகிழ்ச்சிக்கு ஒரு பெங்குயின் படம் காரணம். லுக் ஜாக்கே என்னும் பிரெஞ்சு இயக்குநர் எடுத்து 2005-இல் வெளியிட்டு, மறு ஆண்டு ஆஸ்கார் விருதும் பெற்ற 'மார்ச் ஆஃப் த பெங்குயின்ஸ்' படத்தைத் தொலைக்காட்சியில் மீண்டும் காட்டினார்கள். இரவு பத்து மணிக்கும் வீட்டுச் சுவர் சுடுகிற இந்த மணப்பாறையில் உட்கார்ந்துகொண்டு, தென்துருவத்துப் பனிப்பரப்பில் எம்பரர் பெங்குயின் தன் குஞ்சை வளர்க்கும் விதத்தைக் கண்கொட்டாமல் பார்த்தேன்.

மற்றப் பறவைகளெல்லாம் குளிருக்கு அஞ்சி விலகிப்போகும் பருவத்தையே இந்தப் பறவை மகப்பேற்றுக்கு உரிய காலமாகக் கொண்டிருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் தாய் ஒற்றை முட்டையிட்டு, அது பனியில் உருண்டு உறைந்துபோகாதபடி தந்தையின் பாதங்களுக்கு மெள்ள மாற்றிக் கொடுத்துவிட்டு இரை தேடிக் கடலுக்குப் போய்விட, தந்தைப் பறவையோ அதைக் கால்களின்மேல் ஏந்தி, அடிவயிற்று மடிப்பால் போர்த்தி, இரண்டு மாதத்துக்கு மேல் அடைகாக்கிறது. கடலை விட்டு வந்த நாள் தொட்டுக் கணக்கிட்டால் ஏறக்குறைய நான்கு மாத உபவாசம். உடல் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு கரைந்துவிடுகிறது. தாய் திரும்புமுன் குஞ்சு பொரித்துவிட்டாலும், அந்தப் பட்டினி வயிற்றுடனேயே, தொண்டைக்குழலில் சுரக்கும் பால் போன்ற திரவத்தை அது குஞ்சுக்கு ஊட்டுகிறது. இத்தகைய வாத்ஸல்யத்தைக் கண்ட பிறகு வேறெந்த நிகழ்ச்சியையும் பார்க்க மனம் ஒப்பாமல் பெட்டியை அணைத்துவிட்டேன்.

அணைத்தவுடன் எந்தப் புத்தகத்தை எடுத்தேன் என்பது இப்பத்தியின் பழைய வாசகர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஆப்ஸ்லி செர்ரி-கராட் 1922-இல் வெளியிட்ட 'த வொர்ஸ்ட் ஜர்னி இன் த வேர்ல்ட்' என்னும் நூலைப் பற்றி நான் அளவுக்கு மீறி எழுதியிருக்கிறேன் என்று சிலர் கருதலாம். இன்னும் போதிய அளவு எழுதவில்லை என்பதே என் அபிப்பிராயம். 1911-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி, தென்துருவப் பயணத் தலைவர் ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கராட் ஆகிய மூவரும் கேப் எவான்ஸிலிருந்து கேப் குரோசியர் வரை, பகலென்பதே இல்லாத துருவ இருளில், பூஜ்யத்துக்குக் கீழே அறுபது டிகிரி வரை இறங்கிய குளிரில், அறுபத்தேழு மைல் சறுக்குவண்டி இழுத்துப் போனது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? இதே எம்பரர் பெங்குயினின் முட்டைகளைக் கொண்டுவந்து, பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் உள்ள பூர்வ சம்பந்தத்தை அவற்றின் கருவில் கண்டறிவதற்காக! சூறாவளி அவர்களுடைய கூடாரத்தையே பிடுங்கிச் சென்றது. அது பின்னர் அகப்பட்டிராவிட்டால் மூவரும் அங்கேயே மாண்டிருப்பார்கள். எடுத்தவை ஐந்து முட்டைகள், உடைந்தவை இரண்டு. எஞ்சிய மூன்றே லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தன. தேடிப்போன உண்மை அவற்றில் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வில்சனும் பவர்ஸும் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்காட்டோடு உயிர்நீத்தார்கள். நடந்ததை எழுதுவதற்கு மூன்றாமவர் ஒருவரே மிஞ்சினார். அந்த மூவரின் சிரத்தையை நினைக்குந்தோறும் என் கைகள் தாமே குவிகின்றன.

இருளுக்குள் போய் ஒரு ஜீவனை உள்ளபடி அறிய வேண்டுமென்ற அந்தச் சிரத்தை நமக்கு மிக அருகிலும் நிகழ்ந்திருக்கிறது. மணப்பாறையிலிருந்து திண்டுக்கல் ரயிலில் ஏறினால் வையம்பட்டி, கல்பட்டிச்சத்திரம் தாண்டி அய்யலூர் வருகிறது. அந்த ஊரின் முட்காடுகளில் 1997, 98-ஆம் ஆண்டுகளில் அன்னா நெக்காரிஸ் என்னும் ஆராய்ச்சியாளர், செந்நிற ஒளி வீசும் தலைவிளக்கை அணிந்து, இரவு இரவாகத் தேவாங்குகளைப் பின்தொடர்ந்தார். அதே காலத்தையொட்டி மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மேவா சிங்கும் சிந்து ராதாகிருஷ்ணாவும் திண்டுக்கல் வட்டாரத்தில் இதே பிராணியை ஆராய்ந்தார்கள். கால் கிலோ எடை, வாலில்லாத உடல், குச்சி போன்ற கைகால்கள், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கண்கள்: இவ்வளவுதான் தேவாங்கு. மெலிந்த பிள்ளைகளை ஏசுவதற்கு அதன் பெயரை எடுக்கும் நம் ஜனங்களில் எத்தனை பேர் அதை ஒருமுறையேனும் உற்றுப் பார்த்திருப்பார்கள்!

ஐந்தரை மாதம் கருவைச் சுமக்கும் தாய், ஒன்றோ இரண்டோ குட்டிகளை ஈன்று, முதற் சில வாரங்கள் வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டே திரிகிறது. அதன்பின் அந்தி மயங்கியதும் குட்டியை ஒரு கிளையைப் பற்றிக்கொண்டிருக்கும்படி விட்டுவிட்டு, எறும்பும் வண்டும் தேடிப் போய், விடியும் வேளையில் திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறது. அந்த நெடிய இரவில் குட்டி தனித்துத்தான் கிடக்கிறது என்று முன்பு எண்ணியிருந்தார்கள். ஆண் தேவாங்குகள் இடையிடையே வந்து அக்குட்டிகளைப் பார்த்து, மயிர் கோதிவிட்டு, விளையாடியும் போகின்றன என்பதை நம் பக்கத்துக் காடுகளில் செய்த இந்த ஆய்வுகளே எடுத்துக்காட்டின. பொழுது புலர்ந்ததும் தாயும் குட்டியும் ஆணுமாக, ஒன்றன்மேல் ஒன்று கைபோட்டு, முட்கிளையில் ஒரே உருண்டையாக உறங்கிவிடுகின்றன. பனிக்காற்றுக்கு முதுகு காட்டி நெருங்கி நிற்கும் பெங்குயின் தந்தைமாரைத் திரையில் கண்டபோது எனக்கு இந்த உருண்டைதான் நினைவுக்கு வந்தது.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தேவாங்குக்குத் தாவத் தெரியாது. குரங்கு கிளைவிட்டுக் கிளை பாயும். இதுவோ ஒரு கிளையை இறுகப் பற்றிய பிறகே மற்றொன்றை விடும். வையம்பட்டிக்கு அப்பால் ஒரு விவசாயியின் வேலியில் இதை நான் பார்த்திருக்கிறேன். கிளுவையும் கள்ளியும் பின்னி, அவற்றின்மேல் பிரண்டையும் கோவையும் படர்ந்த வேலி. அதற்குள் அந்தச் சிறு உருவம் கையை நீட்டி, ஒரு போத்தைத் தொட்டு, அதன் உறுதியைச் சோதிப்பதுபோல் சற்றே தாமதித்து, பின்னரே உடலை நகர்த்தியது. வேலியில் ஓர் இடைவெளி வந்த இடத்தில் நின்றுவிட்டது. அப்பால் உள்ள கிளை இரண்டு முழ தூரந்தான். நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்த வழியே திரும்பிப் போயிற்று.

உயிர்வேலிகளை வெட்டிக் கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி இழுப்பதை எதிர்த்து நான் எழுதும்போதெல்லாம், ஆட்டுத்தழைக்காகவும் மண்ணரிப்புக்காகவுமே வாதாடியிருக்கிறேன். இன்று இன்னொரு காரணத்தையும் சேர்க்கிறேன். அந்த வேலி ஒரு தாய் தன் குட்டியிடம் திரும்பிச் செல்லும் பாதை. அது அறுந்தால் அவள் தரையில் இறங்கவேண்டும். தரையில் நாய் இருக்கிறது, திருச்சி–திண்டுக்கல் நாற்கரச் சாலை இருக்கிறது, கண்ணைப் பிடுங்கி மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் ஆகுமென்று நம்பும் மனிதனும் இருக்கிறான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேவாங்கை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது; பிடிப்பதும் கொல்வதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

2022 அக்டோபரில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் அது. மனமாரப் போற்றத்தக்க காரியம். ஆனால் சரணாலயத்தின் எல்லை நம் திருச்சி மாவட்டத்துக்குள் வரவில்லை. மணப்பாறை, துவரங்குறிச்சிப் பக்கத்துத் தேவாங்குகளுக்கு வனத்துறையின் எல்லைக்கல் தெரியாது. காட்டுக்கு வெளியே, நம் கொல்லைகளின் ஓரத்தில் வாழ்பவற்றுக்கு நாமே பொறுப்பு.

ஆகையால், மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு வரும் விவசாயப் பெருமக்களை இப்பத்தியின் வாயிலாக வேண்டிக்கொள்கிறேன். உங்கள் வேலியில் எங்கே இடைவெளி விழுந்திருக்கிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். வரும் ஐப்பசி மழைக்கு அந்த இடத்தில் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக ஊன்றுங்கள். செலவில்லை, பக்கத்து வேலியில் கேட்டாலே தருவார்கள். கம்பி வேலி போட்டே ஆகவேண்டுமென்றால், பழைய வேலியை வெட்டாமல் அதற்கு உள்பக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.