இட்டசித்தியில் இறங்காதவன்

இழந்த காதலை மீட்கத் துடிக்கும் நாயகர்கள் என்றதும் நம் வாசகர்களுக்கு சரத்சந்திரரின் தேவதாஸ் நினைவுக்கு வருவான். அயல் இலக்கியம் பயின்றவர்க்கு, 1925-இல் வெளிவந்த ஃபிட்ஸ்ஜெரால்டு நாவலின் காட்ஸ்பி. கோவலனை இவ்வரிசையில் யாரும் வைப்பதில்லை. பட்டிமன்ற மேடைகளில் அவன் கண்ணகியின் கற்பை நிறுவுவதற்கான ஒரு காரணம், அவ்வளவே. மதுரைக் காண்டத்தின் முதல் பகுதியை நிதானமாக வாசித்தால் வேறொரு கோவலன் தென்படுவான்.

காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவன் மதுரைக்கு மூன்று வழிகள் உரைக்கிறான். இடப்பக்க வழியில் திருமால்குன்றம். அதாவது இன்றைய அழகர்மலை. அங்கே மூன்று பொய்கைகள் உள்ளன என்கிறான். அவற்றுள் பவகாரணியில் மூழ்கினால் பழம்பிறப்பு விளங்கும். இட்டசித்தியில் மூழ்கினால் நினைத்ததெல்லாம் கைகூடும். கவுந்தியடிகள் உடனே மறுத்துரைக்கிறார். இதைச் சமண வைணவ வாதமாகவே நம் அறிஞர்கள் விரித்திருக்கிறார்கள். தவறில்லை. ஆயினும் அருகில் நிற்பவன் யார்? மாதவியை ஊடலில் பிரிந்து, அவள் விடுத்த ஓலையை நடிப்பென்று ஏற்க மறுத்துவிட்டு வந்தவன். நினைத்ததைத் தரும் நீரைப் பற்றி அவன் ஒரு சொல்லும் பேசவில்லை.

அவன் பேசாததை இளங்கோ அடுத்த காட்சியில் பேசவைக்கிறார். இடைவழியில் நீர் தேடிச் சென்ற கோவலன் முன், கானுறை தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவில் வந்து அழுகிறது. இவன் மனம் எங்கே இளகும் என்பது காட்டுத் தெய்வத்துக்கும் தெரிந்திருக்கிறது! மந்திரத்தால் அவன் மயக்கத்தை விலக்குகிறான். கண்ணகிக்கும் கவுந்திக்கும் இதைச் சொல்லாதே என வேண்டி அகல்கிறது தெய்வம். அவன் தாமரையிலையில் நீர் ஏந்தித் திரும்புகிறான்.

புறஞ்சேரி இறுத்த காதையில் உண்மையான ஓலையே வந்து சேர்கிறது. வாடிய மாதவிக்கொடியிடம் கோசிகன் புலம்புவதைக் கேட்டுக் கோவலன் அணுகுகிறான். ஓலையின் மண் இலச்சினையில் அவள் கூந்தலின் நெய்மணம். முன்னாளைய உறவை அம்மணம் உணர்த்த, உடனே பிரிக்க மனமின்றிக் கையில் வைத்திருக்கிறான். தமிழில் பிரிவைப் பற்றி இதைவிடக் கூர்மையான காட்சியை நான் வாசித்ததில்லை. படித்ததும், குற்றம் அவளுடையதன்று, தன்னுடையதே என்று தெளிகிறான்.

காட்ஸ்பியாக இருந்தால் அங்கேயே புகாருக்குத் திரும்பியிருப்பான். கோவலன் செய்வது விசித்திரம். இவ்வாசகம் என் பெற்றோர்க்கும் பொருந்தும், அவர்களிடம் காட்டுக என்று அதே ஓலையைக் கோசிகனிடம் தருகிறான். காதலி எழுதிய மடல் மகனின் வணக்கமாகி ஊர் திரும்புகிறது. இதை அவனது பண்பு என்று மெச்சுவோர் உண்டு. எனக்கு அது கொடுமையாகவே படுகிறது. மாதவிக்கென்று அவன் ஒரு சொல்லும் அனுப்பவில்லை. அடுத்து அவளை எட்டுவது அவன் கொலையுண்ட செய்திதான்.