எல்லை எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்

ராமேஸ்வரம் மீனவர்கள் கைது என்ற செய்தி வராத மாதம் அபூர்வம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் ஓய்வு. அப்புறம் மறுபடி அதே செய்தி: நெடுந்தீவு அருகே எல்லை தாண்டியதாக இத்தனை பேர், இத்தனை படகு. சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதம் போகும். டெல்லி கொழும்புடன் பேசும். சில வாரங்களில் ஆட்கள் திரும்புவார்கள், படகு பெரும்பாலும் அங்கேயே நிற்கும். 2024இல் மட்டும் 500க்கும் அதிகமான இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். டொரண்டோவில் மென்பொருள் வேலை. இந்தப் பேச்சு வந்தால், இங்கேயே பிறந்து வளர்ந்த தம்பி தங்கைகள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எல்லை கிட்ட வந்தா அலாரம் அடிக்கிற மாதிரி ஒரு ஆப் செஞ்சா போதாதா?" நியாயமான கேள்வி. ஆனால் விசைப்படகுகளில் ஜிபிஎஸ் வந்து பல வருஷம் ஆச்சு. இன்ஜின் பழுதாகி நீரோட்டத்தில் அடித்துப் போகும் படகுகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் தெரிந்தேதான் தாண்டுகிறார்கள். ஆட்களையும் படகையும் இழக்கலாம் என்று தெரிந்தும் ஏன் போகிறார்கள்? அதைக் கேட்காமல் இதில் எதுவும் புரியாது.

கணக்கைப் பாருங்கள். ராமேஸ்வரத்திலிருந்து கச்சத்தீவு ஏறக்குறைய 12 கடல் மைல். 1974 ஒப்பந்தத்தின் எல்லைக்கோடு அந்தத் தீவுக்கும் ஒரு மைல் மேற்கே ஓடுகிறது. கரையிலிருந்து முதல் 3 கடல் மைல், தமிழ்நாட்டுச் சட்டப்படி நாட்டுப்படகுகளுக்கு. மிச்சம் இருக்கும் எட்டு மைலில்தான் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துத் தொழில் செய்ய வேண்டும். அதுவும் இழுவலை போட்டு. கனமான மடியைக் கடல் அடியோடு இழுத்துப் போகும் முறை அது. இறாலோடு குஞ்சும் முட்டையும் கடல்புல்லும் சேர்ந்து வந்துவிடும். பல பத்தாண்டுகள் இப்படி இழுத்த பிறகு நம் பக்கம் என்ன மிஞ்சும்?

இதை மீனவர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. இறால் ஏற்றுமதி செய்தால் அந்நியச் செலாவணி வரும் என்று அரசே கடனும் மானியமும் கொடுத்து வளர்த்த தொழில் இது. 1983க்குப் பிறகு இலங்கையில் போர். வடக்குக் கடற்கரையில் பாஸ், எரிபொருள் தட்டுப்பாடு, கடலுக்கே தடை. அங்கத்தைய மீனவர்கள் கரையில் முடங்கிக் கிடந்த அந்த 26 வருஷத்தில் நம் படகுகள் அந்தக் கடலுக்குப் பழகிவிட்டன. கடற்படை சுட்டதில் உயிர்களும் போயின. ஆனாலும் போவது நிற்கவில்லை.

2009இல் போர் முடிந்து மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு மீனவர்கள் திரும்பக் கடலில் இறங்கினார்கள். சின்னப் படகு, கடனுக்கு வாங்கிய நைலான் வலை. இரவில் விரித்துவிட்டுக் காத்திருக்கும் வலையை இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போய்விடும். என்னோடு வேலை செய்யும் பருத்தித்துறை நண்பர் ஒருமுறை சொன்னார்: "உங்கட ரோலர் வாற நாளில எங்கட ஆக்கள் கடலுக்கு இறங்கிறேல்ல. கிழமையில மூண்டு நாள் சும்மா இருக்கினம்." நம் ஊர் தொழில் நாள் அவர்கள் ஊர் பட்டினி நாள்.

சாவு எல்லாப் பக்கமும் இருக்கிறது. 2021 ஜனவரியில் கடற்படைக் கப்பல் மோதிய படகில் இறந்த நாலு பேரில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த ஈழ அகதி. 2022 ஜனவரியில் வத்திராயன் மீனவர் இருவர் கடலில் இறந்தார்கள். இந்திய இழுவைப்படகுதான் காரணம் என்று ஊரே வீதிக்கு வந்தது. 2024 ஜூனில் படகைப் பிடிக்கப் போன கடற்படை வீரர் ஒருவர் இறந்தார்.

கச்சத்தீவை மீட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோம். அது 285 ஏக்கர் தீவு. பல கைதுகள் நடப்பது அதையும் தாண்டி, நெடுந்தீவுப் பக்கம். தீவு கைக்கு வந்தாலும் மீன் இருக்கும் இடம் மாறாது.

இலங்கை 2017இல் இழுவலையைத் தடை செய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை ஏற்றியது. 2024 பிப்ரவரியில் சிறைத் தண்டனையும் விழுந்தபோது, ராமேஸ்வரத்துக்காரர்கள் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையே புறக்கணித்தார்கள். ஆனால் மாட்டுபவர்களில் நிறையப் பேர் பங்குக்கும் கூலிக்கும் போகிறவர்கள். எங்கே வலை போடுவது என்ற முடிவு பல நேரம் அவர்கள் கையில் இல்லை.

தீர்வு என்ன என்பது ரகசியமும் இல்லை. 2010 ஆகஸ்டில் இரு பக்க மீனவர்களும் சென்னையில் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு வருஷத்தில் இழுவலையை விட்டுவிடுகிறோம், அதுவரை 70 நாள் அனுமதி கொடுங்கள் என்று நம் பக்கம் ஒப்புக்கொண்டது. அரசுகள் அதைக் கையில் எடுக்கவில்லை. 2017இல் 2,000 இழுவைப்படகுகளை மூன்று வருஷத்தில் ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது. 80 லட்சம் ரூபாய் படகு, பெரும்பகுதி மானியம். இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஒரு ராத்திரி போய்க் காலையில் திரும்பிப் பழகியவரை, வாரக்கணக்கில் சூரை பிடிக்கப் போ என்றால் பயிற்சி வேண்டும், டீசல் செலவுக்குப் பணம் வேண்டும், நஷ்டம் வந்தால் தாங்க ஆள் வேண்டும். மானியம் மட்டும் போதாது.

நம்ம வாட்ஸ்அப் குழுக்களைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் குழுவில் கடற்படையின் அட்டூழியம். ஈழத்தமிழர் குழுவில் இந்திய ரோலரின் அட்டூழியம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் ஒரு குழுவில் வருவது மற்றதில் வருவதில்லை. இரண்டு பக்கமும் நாமே திட்டிக்கொண்டிருந்தால் டெல்லிக்கும் கொழும்புக்கும் அவசரம் எதற்கு?

இந்த நாடுகளில் இரு கரைத் தமிழரும் ஒரே கடையில் மீன் வாங்குகிறோம், ஒரே பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கிறோம். ஊரில் முடியாததை நாம் இங்கே செய்யலாம்: மூன்றையும் சேர்த்தே கேட்கலாம். கூலிக்குப் போனவரைச் சிறையில் வைக்காதே. வலை இழந்த வடக்கு மீனவருக்கு நஷ்டஈடு கொடு. இழுவலையை நிறுத்த ஒரு தேதி சொல், அந்தத் தேதிக்குள் படகுகளை அரசே விலைக்கு வாங்கிக்கொள். மூன்றில் ஒன்றை மட்டும் கேட்டால், இன்னொரு தமிழன் வயிற்றில்தான் அடி விழும்.