பூதம் ரெடி, ஆளைக் காணோம்

ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தவரை எனக்கு ஒரு வசதி இருந்தது. ஆட்டத்துக்கு ஆள் வராவிட்டால் நாள்காட்டியைத் திட்டிவிட்டுப் படுத்துவிடலாம். 2014 ஜனவரி 1-இல் தொடங்கிய ஏற்பாடு அது. எங்கள் குழுவின் கிள்ளான்காரருக்குச் சனி, ஞாயிறு லீவு. அதே குழுவில் இருந்த ஜொகூர் பள்ளி ஆசிரியருக்கோ ஞாயிறு விடிந்தால் வேலை. சனி இரவு பதினொன்றரைக்கு, பூதம் கதவை உடைத்துக்கொண்டு வருகிற நேரமாகப் பார்த்து, "அண்ணே, நாளைக்கு ஸ்கூல்" என்று கழன்றுகொள்வார். நியாயம்தான். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்கே திரும்பிவிட்டது. இப்போது திட்டுவதற்கு நாள்காட்டியும் இல்லை. ஆளும் இல்லை.

நான் சொல்வது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் கொண்டுவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்ற நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவார்கள், திருடுவார்கள், சண்டை போடுவார்கள். நினைத்தது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஸ்கூடாயில் என் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார அத்தனை பேர் சிக்கவில்லை. அதனால் இணையத்தில்தான் எல்லாம்: டிஸ்கார்டில் பேச்சு, ரோல்20-இல் வரைபடம், பல ஊர்களின் முகம் தெரியாதவர்களோடு ஆட்டம்.

நேரம் குறிப்பதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடுகிறது. நம் இரவு ஒன்பது சென்னைக்கு ஆறரை. 1982 புத்தாண்டில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளாமல் இருந்திருந்தால் வித்தியாசம் சரியாக இரண்டு மணியாக இருந்திருக்கும். யாரிடம் போய் முறையிடுவது? லண்டன்காரர் இன்னும் மோசம். அக்டோபர் கடைசி ஞாயிறு அவர் ஊர்க் கடிகாரம் பின்னால் போனதும் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். மார்ச் கடைசியில் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டு, யாரையும் காணோமே என்று என்னிடம் கோபித்துக்கொள்வார்.

இதெல்லாம் கூடப் பொறுக்கலாம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ஜொகூருக்குத் திரும்பும் பாலத்து நெரிசலில் நின்றபடியே போனில் சேருவான். பின்னால் மோட்டார் சத்தம், யாரோ யாரையோ ஏசும் சத்தம். "வூட்லண்ட்ஸ்ல மாட்டிக்கிட்டேன்ணே, என்னைக் குகைக்கு வெளியே காவலுக்கு நிறுத்திடுங்க." இவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சொல்லிவிட்டானே!

என் வயிற்றெரிச்சல் சொல்லாதவர்கள் மேல். இடம் இருக்கிறதா என்று கெஞ்சி வந்தவர் ஒருவர். தன் பாத்திரத்தின் முன்கதையைப் பக்கம் பக்கமாக அனுப்பினார்: நாடிழந்த இளவரசன், துரோகம் செய்த சித்தப்பா, கடத்தப்பட்ட தங்கை. படித்துவிட்டு உருகிப்போனேன். என் கதையைக் கலைத்து, அந்தச் சித்தப்பாவையே வில்லனாக்கினேன். தங்கைக்கு ஒரு சிறை வரைந்தேன். அவரவர் பாத்திரத்தின் கண்ணுக்கு எட்டியது மட்டும் திரையில் தெரிய வேண்டுமென்றால் சுவர் ஒவ்வொன்றின் மேலும் தனித்தனியாகக் கோடு இழுக்க வேண்டும்; இழுத்தேன், நள்ளிரவு தாண்டி. சனிக்கிழமை வந்தது, இளவரசர் வரவில்லை. பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறது. வேறு ஏதோ சுடும் விளையாட்டில் இருக்கிறார் என்று டிஸ்கார்டே காட்டிக்கொடுக்கிறது. மற்ற மூவரும் சிறைக்கதவை உடைத்து உள்ளே போய், "இந்தப் பொண்ணு யாரு?" என்று என்னைக் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?

வர்றேன் என்று கட்டைவிரல் காட்ட நொடி போதும். வரல என்று தட்டத்தான் விரல் எழும்ப மாட்டேன் என்கிறது. ஒருவர் குறைவது பெரிய விஷயமே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தெரிந்தால் நாலு ஓநாயை இரண்டாக்கிவிடுவேன். வைத்தியம் தெரிந்தவர் இல்லையா, வழியில் ஒரு மூலிகைக் கிழவியை உட்கார வைப்பேன். தெரியாவிட்டால் ஐந்து பேருக்கென்று செய்த பூதம் மூன்று பேரை மிதித்துத் தள்ளிவிடும். பிறகு பூதத்துக்கு ஏன் இவ்வளவு பலம் என்று என்னைத்தான் ஏசுவார்கள்.

காசு வாங்குங்கள், தானாக வருவார்கள் என்கிறார் நண்பர் ஒருவர். 'ஸ்டார்ட்பிளேயிங்' மாதிரித் தளங்களில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி நடத்துகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. விளையாட வருகிறவனிடம் எதற்குப் பணம்? ஒரு வரிச் செய்தி போதும்.

போன வாரம் அந்த இளவரசரிடமிருந்து அப்படி ஒரு வரி வந்தது. "அண்ணே, புதுக் கதை ஆரம்பிச்சா சொல்லுங்க, கேரக்டர் ரெடி." கீழே முன்கதை, இந்த முறை இரண்டு தங்கைகள்.